மச்சானை முந்திய சிறுநீரகம்

என் மச்சான் சித்தியெனெயை, அவனுடைய சிறுநீரகத்தைக் கொண்டே ஓட்டப்பந்தயத்தில் தோற்கடித்தவன் நான். எங்கள் கப்தாகட் ஊர்த் தேநீர்க் கடையில் இதை நாற்பதாயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஒருவன்கூட நம்பியதில்லை. நான் சொல்ல ஆரம்பித்ததும் கடைக்காரி மந்தாஸிப் பணியாரத் தட்டை மூடி வைப்பாள், கதை முடிவதற்குள் ஆறிவிடும் என்று. சித்தியெனெயோ அதே பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "பொய். பச்சைப் பொய். அடுத்த ஆளு பேசலாம்" என்பான்.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் லெலெய். முப்பது வருடம் துப்பாக்கி சுட்டவன். பயப்பட வேண்டாம், ஓட்டப்போட்டியைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கி. எங்கள் கென்ய மேட்டு நிலத்தில் கல்லை விட்டெறிந்தால் ஓட்டக்காரன் தலையில்தான் விழும் என்பார்கள். அதுவும் விழாது, கல் கீழே வருவதற்குள் அவன் அடுத்த மலைக்குப் போயிருப்பான். என் துப்பாக்கிச் சத்தத்துக்குக் கிளம்பிய கால்களை வரிசையாக வைத்தால் எல்டோரெட்டில் ஆரம்பித்து நிலாவைச் சுற்றிவிட்டு வரலாம். ஆனால் நான் மட்டும் ஒரு போட்டியிலும் ஓடியதில்லை. சுடுகிறவன் எங்கே ஓடுவது?

நான் ஓய்வு பெற்ற வருடமே என் இரண்டு சிறுநீரகங்களும் "எங்களுக்கும் ஓய்வு" என்று உட்கார்ந்துவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் ரத்தம் கழுவும் இயந்திரத்தோடு கட்டிப்போட்டார்கள். ஒரு நாள் என் மனைவி ஜெரோப், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் அண்ணன் வீட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்தாள். சித்தியெனெயும் நானும் ஒரே வருடம் ஆண்பிள்ளைச் சடங்கு முடித்தவர்கள். அன்றிலிருந்தே அவனுக்கு என்மேல் நம்பிக்கை கிடையாது.

"அண்ணே, உன்கிட்ட ரெண்டு இருக்கு. இவர்கிட்ட ஒண்ணுகூட இல்ல" என்றாள்.

"இந்தாள நம்பி ஒரு ஆட்டுக்குட்டிய விடமாட்டேன் நான். தெரியுமா உனக்கு?"

"ஆட்டுக்குட்டிய யாரு கேட்டா?"

அவன் கோப்பையில் இருந்த தேநீரைக் குடித்து முடித்தான். பிறகு, "எந்தப் பக்கம் வேணுமாம்?" என்று கேட்டான்.

அவ்வளவுதான் பேச்சு. அவனுடைய இடப்பக்கத்திலிருந்து எடுத்து என் வலது அடிவயிற்றில் வைத்துத் தைத்தார்கள். பழைய இரண்டையும் எடுக்கவில்லை. ஆக இன்று எனக்கு மூன்று. அவற்றில் இரண்டு, என்னைப் போலவே, ஓய்வூதியத்தில் இருக்கின்றன. ரத்தக்குழாயை இணைத்த மாத்திரத்தில் புதியது சிறுநீரைப் பீறிட்டு அடித்ததில் கூரை நனைந்தது என்பேன் நான். மேசைதான் நனைந்தது என்பார் டாக்டர் நசிமியு. அன்று சோசியானி ஆற்றில் வெள்ளம் வந்தது மட்டும் உண்மை. அது யாரால் வந்தது என்பதில்தான் தகராறு.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்தார். சின்ன வயதுப் பெண்தான், ஆனால் மாவட்டப் போட்டி நடுவரைப் போல ஒரு பார்வை.

"ஐயா, உங்க ரத்தத்துல வெள்ளணுக்கள் இருக்கு. வெளியாள் உள்ள வந்தா கண்டுபிடிச்சு அடிக்கறதுதான் அதுங்க வேலை. கிருமி வந்தாலும் அடிக்கும். உங்க மச்சான் கிட்னியையும் அடிக்கும்."

சித்தியெனெய் தையல் வலியோடு எழுந்து நின்றுவிட்டான். "என் கிட்னி வெளியாளா?"

"அதுங்களுக்கு வெளியாள்தாங்க."

"இவ்வளவு நன்றிகெட்ட ரத்தமாடா உன்னோடது?" என்றான் என்னிடம்.

டாக்டர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு தொடர்ந்தார். "வெளியாளைப் பாத்ததும் அந்த அணுவுக்கு உள்ளயே ஒரு சிக்னல் போகும். அது போனாத்தான் அது கிளம்பும், மத்ததையும் கூப்பிடும், பெருகும், கூட்டமா ஓடி வரும். இந்த மாத்திரை அணுக்களைக் கொல்லாது. அந்தச் சிக்னலை மட்டும் நிறுத்தி வெச்சிடும்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "அதாவது, எல்லாரும் கோட்டுல குனிஞ்சு நிப்பாங்க. ஆனா துப்பாக்கி வெடிக்காது!"

"அதேதான் ஐயா. தப்பித்தவறி ஒருத்தன் கிளம்பினா, அவன் ஒண்ணு ரெண்டு, ரெண்டு நாலுன்னு பெருகாம இந்த ரெண்டாவது மாத்திரை பாத்துக்கும். மூணாவது, மொத்தக் கூட்டத்தையும் ஒரு அதட்டு அதட்டி உக்கார வைக்கும்."

முப்பது வருடம் ஊரையே ஓடவைத்தவனுக்கு, மிச்ச ஆயுள் முழுக்க ஒருத்தனையும் ஓடவிடாத வேலை! கடவுளுக்கு என்னைவிடக் குறும்பு அதிகம்.

"ஆனா ஒண்ணு" என்றார் டாக்டர். "மருந்து ரத்தத்துல குறைஞ்சா அணுக்கள் கிளம்பிடும், கிட்னி போயிடும். கூடிட்டா எல்லாம் அசந்து தூங்கிடும், அப்புறம் ஒரு சாதாரண சளி வந்து உங்களைத் தூக்கிட்டுப் போயிடும். நடுவுல நிக்கணும். அதுக்குத்தான் மாசாமாசம் ரத்தம் எடுத்துப் பாப்போம். காலைல ஆறு, சாயங்காலம் ஆறு. நேரம் தவறக்கூடாது."

இத்தனை பேச்சில் சித்தியெனெய் கடைசி வாக்கியத்தை மட்டும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அன்றிலிருந்து காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் வேலியில் அவன் தலை முளைக்கும். "முழுங்கிட்டியா? நாக்கக் காட்டு. அடியில?" மோட்டார்பைக்கில் ஏறக்கூடாது, என் கிட்னி குலுங்கும். விறகு பிளக்கக்கூடாது, என் கிட்னி அதிரும். சத்தமாகச் சிரித்தால்கூட, "மெதுவாச் சிரி, உள்ள ஒருத்தன் வேலை செய்யறான்" என்பான். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாக வேர்க் கஷாயம் கொண்டுவந்த உறவுக்காரர்களைத் தடியோடு ரோடு வரைக்கும் துரத்தினான். "இவனுக்கு எதிர்ப்புச் சக்தி போதாதுன்னா நீ வந்த? இருக்கறத அடக்கவே நாங்க படாத பாடு படறோம்!"

ரத்தப் பரிசோதனை நாள் வந்தது. ஆஸ்பத்திரி திறப்பது எட்டு மணிக்கு. அதற்கு ஆறு மணி மட்டாட்டு வண்டியைப் பிடித்தாக வேண்டும். வண்டி நகர்ந்ததுதான் தாமதம், சித்தியெனெய் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினான்.

"மச்சான், இன்னிக்கு ரத்தம் எடுத்த பிறகுதான் மாத்திரைன்னு நர்ஸ் சொல்லியிருக்கு."

"ஏன்?"

ஏன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திருதிருவென்று விழித்தேன்.

"பாத்தியா! மாத்திரையத் தட்டிக்கழிக்கறவன் பேசற பேச்சு இது. டாக்டரம்மா என்ன சொன்னாங்க? ஆறுன்னா ஆறு. வாயத் தொற."

வண்டி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மடியில் கோழியோடு இருந்த ஒரு அம்மாள், "முழுங்குங்க ஐயா, குடுத்த மனுசன் கேக்கறாருல்ல" என்றாள். கோழிகூட ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது. சிறுநீரகம் கொடுத்தவனோடு எந்த வாயை வைத்துக்கொண்டு வாதாடுவது? அந்த வாயைத் திறந்து விழுங்கினேன்.

முடிவு வந்தது. ரத்தத்தில் மருந்து அதிகமாம். டாக்டர் மாத்திரை அளவைக் குறைத்தார். சித்தியெனெய்க்குத் தலைகால் புரியவில்லை. "மருந்து நெறைய இருக்காம். யாரால?" என்று வண்டி பூராவும் கேட்டுக்கொண்டு வந்தான். அடுத்த மாதமும் அதே வண்டி, அதே தண்ணீர், அதே வாயத் தொற. அப்போதும் மருந்து அதிகம், இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

மூன்றாவது மாதம் என் கால் வீங்கியது. செருப்பு போட முடியவில்லை. ஆற்றில் வெள்ளம் வரவழைத்தவன், ஒரு கோப்பை நிரப்பவே திணறினேன். பரிசோதித்துப் பார்த்தால், சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ள வேண்டிய கசடு ரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்தது. கிரியாட்டினின் என்பார்கள் அதை. சிறுநீரகம் மாற்றிக்கொண்ட எங்கள் கூட்டத்தில் குழந்தை பிறந்தால் எடை கேட்பதற்கு முன்னால் கிரியாட்டினின் கேட்பார்கள்.

டாக்டர் நசிமியு நெற்றியைத் தேய்த்தார். "மருந்து இப்ப சரியான அளவுல இருக்கு. ஆனா கிட்னி அடிவாங்குது. எனக்குப் புரியல. அட்மிட் ஆயிடுங்க. இப்படியே ஏறினா கிட்னி நிக்காது."

நான் விளையாட்டுக்காரன்தான். ஆனால் அன்று விளையாட்டு வரவில்லை. எனக்கு மறுபடி இயந்திரம் என்ற பயம்கூட இல்லை. அவன் கொடுத்தது போய்விடும். கெட்டுப்போன பிறகு திருப்பி அவனுக்குள் வைத்துத் தைக்கவா முடியும்? ஆட்டுக்குட்டியை நம்பிக் கொடுக்காதவன் கொடுத்த பொருள்.

சித்தியெனெய் என் பக்கம் திரும்பினான். அவன் கண் சிவந்திருந்தது. "சொல்லுடா மாப்ள. நான் போனதும் துப்பிட்டியா?"

"துப்பல மச்சான்."

"பீர் குடிச்சியா?"

"அவ இருக்கற வீட்டுலயா?" என்று ஜெரோப்பைக் காட்டினேன்.

"பொய் சொல்றான் டாக்டரம்மா. பொறந்ததுலேந்து பொய்தான். ஆனா என் பேர்ல தப்பில்ல, நான் சாட்சி வெச்சிருக்கேன். இன்னிக்குக் காலைல ஆறு மணிக்கு, ஓடற வண்டியில, அத்தன பேர் முன்னாடி முழுங்க வெச்சேன். போன மாசமும் அப்படித்தான். அதுக்கு முந்தின மாசமும் அப்படித்தான்!"

டாக்டரின் பேனா நின்றது. "ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்! ஒரு நிமிஷம் பிசகல!"

அவர் என் பழைய முடிவுத் தாள்களைப் புரட்டினார். பிறகு டாக்டர் மெதுவாகச் சொன்னார். "நான் பாக்கவேண்டியது, மருந்து ஆகக் குறைஞ்சிருக்கற நேரத்துல எவ்வளவு இருக்குன்னு. அதாவது அடுத்த மாத்திரைக்குக் கொஞ்சம் முன்னாடி. நீங்க முழுங்க வெச்சுக் கூட்டிட்டு வந்தா ரத்தம் பூரா மருந்துதான் இருக்கும். நெறைய இருக்குன்னு நம்பி நான் குறைச்சேன். ரெண்டு தடவை குறைச்சேன்."

"அப்ப மத்த நேரமெல்லாம்..." என்றாள் ஜெரோப்.

"மத்த நேரமெல்லாம் துப்பாக்கி வெடிச்சுக்கிட்டு இருந்திருக்கு" என்றேன் நான்.

சித்தியெனெய் உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்று சொல்லக்கூடாது, மூட்டையை இறக்கியதுபோல விழுந்தான். "நானா? என் கிட்னிய நானேவா?"

அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "மச்சான், அது உன் கிட்னி. உன்ன மாதிரியே பிடிவாதமாத்தான் இருக்கும். அவ்வளவு லேசுல எடத்தக் காலி பண்ணாது" என்றேன்.

ஊசி குத்திச் சிறுநீரகத்தில் ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் அந்தப் படத்தை எங்களுக்குக் காட்டினார். ஊதாப் புள்ளி ஊதாப் புள்ளியாக என் வெள்ளணுக்கள் அவன் சிறுநீரகத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அசப்பில் மாவட்டப் போட்டியின் முதல் வளைவு.

"இப்பத்தான் உள்ள வர ஆரம்பிச்சிருக்கு. திருப்பி அனுப்பிடலாம்னு நினைக்கிறேன்" என்றார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தப்பாகக் கிளம்பிய ஓட்டக்காரர்களைத் திருப்பி அழைக்க என்ன செய்வோம்? இரண்டாவது குண்டு சுடுவோம்! என் வாழ்நாள் வேலையே அதுதானே! மூன்றாவது மாத்திரைக்கு ஒரு பெரியண்ணன் இருக்கிறான். அவனைப் பாட்டில் பாட்டிலாக நரம்பில் ஏற்றினார்கள். முதல் மாத்திரையையும் பழைய அளவுக்கு ஏற்றினார்கள். அந்தப் பெரியண்ணன் உள்ளே போனதும் எனக்குப் பசி வந்தது பாருங்கள்! மலையளவு உகாலிக் களி, தோட்டத்தளவு கீரை, ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் பூட்டுப் போடச் சொன்னார்கள். தூக்கம் போச்சு, பேச்சு பெருகியது. வார்டில் பாதிப் பேர் என் வாய்க்குப் பயந்தே குணமாகி வீட்டுக்குப் போனார்கள்.

சித்தியெனெய் மட்டும் போகவில்லை. என் சிறுநீர்ப் புட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கோடு போட்ட இடத்தைக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தபடியே இருந்தான். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் ஒன்றும் இல்லை. அவன் சாப்பிடவில்லை. என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் நல்ல பகலில் அவன் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். மறுபடி பிடித்தான். அப்புறம் ஒரு கூவல்! "கூடியிருக்கு! டாக்டரம்மா, கூடியிருக்கு!" புட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வராந்தா நெடுக ஓடினான். நர்ஸுகள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். தங்கப் பதக்கம் வாங்கியவன்கூட அதை அப்படித் தூக்கிக்கொண்டு ஓடி நான் பார்த்ததில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் கிரியாட்டினின் இறங்கியது. ரத்தம் முதலில், மாத்திரை பிறகு. வண்டியில் இப்போது சித்தியெனெய் என் வாயைத் தன் கையால் பொத்திக்கொண்டு வந்தான். "முழுங்கிடாத. கொட்டாவிகூட விடாத."

மார்ச் மாதம் ஆஸ்பத்திரியில் சிறுநீரக தினம். கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் சேர்ந்து மைதானத்தை ஒரு சுற்று நடக்கப்போகிறோம் என்று அறிவித்தார்கள். எங்கள் ஊரில் போய் நடை என்று அறிவிக்கலாமா? மீனிடம் போய் மெதுவாக நனை என்பதுபோல. அன்று காலைதான் என் ரத்த முடிவு வந்திருந்தது. கிரியாட்டினின் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. டாக்டர் என் கையைக் குலுக்கினார். "நிக்குது ஐயா. நடங்க. நடை மட்டும். ஓட்டம் கிடையாது." தொடங்கிவைக்க என் கையிலேயே துப்பாக்கியைக் கொடுத்தார்கள். மாத்திரையால் கை நடுங்கியது. அந்த நடுக்கத்தில் குண்டு பட்டு மேகத்திலிருந்து இரண்டு கொக்கு விழுந்ததாகச் சொல்வார்கள். வெற்றுத் தோட்டாதான், ஆனாலும் விழுந்தன.

"மச்சான், உன் கிட்னிய நீ முந்துவியா?" என்றேன் கோட்டில் நின்று.

"நடடா வாய மூடிட்டு" என்றான்.

சுட்டேன். துப்பாக்கியை ஜெரோப்பிடம் வீசினேன். ஓடினேன்!

முப்பது வருடம் பூட்டி வைத்திருந்த கால் என்பதை நினைவில் வையுங்கள். சிறுத்தை என்பார்களே, அது என் பக்கத்தில் நொண்டி. பின்னால் டாக்டரின் குரல், "ஐயா! ஐயா!" அதற்குள் சித்தியெனெய் நாலே தாவலில் என்னைக் கடந்தான், வாலிபத்தில் மாகாணத்துக்காக ஓடியவன். கடந்தவன் என் மூச்சுச் சத்தம் கேட்டதும் திரும்பி வந்தான்.

"இரைக்குது! நில்லு!"

"முடியாது!"

"வலிக்குதா? தையல் இழுக்குதா?"

"ஓடு மச்சான், தோத்துடுவ!"

முன்னால் ஓடினான், என் பாதையில் கிடந்த கல்லை உதைத்துத் தள்ளினான், திரும்பி வந்து என் வயிற்றைப் பார்த்தான். மறுபடி முன்னால் ஓடி, குறுக்கே வந்த ஆட்டை விரட்டினான், மறுபடி திரும்பினான். நான் ஒரு சுற்று ஓடுவதற்குள் அவன் மூன்று சுற்று ஓடியிருப்பான், அத்தனையும் என்னைச் சுற்றி. கோட்டுக்குப் பத்தடி முன்னால் ஒரு கயிறு கிடந்தது. தடுக்கிவிடுமே என்று அவன் குனிந்து அதைச் சுருட்டினான். நான் அவனைத் தாண்டிப் போனேன். கோட்டையும் தாண்டினேன்!

கூட்டம் கத்திய கத்தில் கென்யா மலையில் பனி சரிந்தது. டாக்டர் ஓடி வந்து என் நாடியைப் பிடித்துத் திட்டினார், திட்டிக்கொண்டே சிரித்தார். ஜெரோப் வென்றவனுக்காக முர்சிக் குடுவையோடு வந்தாள். காய்ச்சாத புளித்த பால் எனக்கு ஆகாது, கோட்டில் குனிந்து நிற்கும் என் ஆட்களால் அதிலுள்ள கிருமியைத் துரத்த முடியாது. சித்தியெனெய் குடுவையைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தான். மீசை வெள்ளையாக, "என் கிட்னிக்குச் சேரவேண்டியது" என்றான். ஆனால் தோற்றதாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "துப்பாக்கி அவன் கையில. எப்ப வெடிக்கும்னு அவனுக்குத்தானே தெரியும்? அதுவும் அது நடை. நடையில ஏது ஜெயிக்கறது?"

இத்தனை நாளாக இதே பாட்டுதான். போன வாரம் வரைக்கும்.

போன வாரம் தேநீர்க் கடையில் ஒரு புது ஆள். பர்ன்ட் ஃபாரஸ்ட் பக்கத்துக்காரனாம், பெயர் கிப்தாருஸ். தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. இவனுடையது பொருந்துகிறதாம். கோப்பையைக் கையில் பிடித்தபடி நான் சொன்னதை முழுக்கக் கேட்டான். மற்றவர்கள் வழக்கம்போல் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. என்னை விட்டுவிட்டு சித்தியெனெய் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, இவரு கதை கட்டறாருன்னு தெரியுது. நீங்க சொல்லுங்க. குடுத்தா, அது வீணாப் போயிடாதா? அவன் ரத்தமே அதத் தின்னுடும்கறாங்க."

"திங்கப் பாக்கும்" என்றான் சித்தியெனெய். "மாத்திரைய ஒழுங்கா முழுங்கினா திங்காது. ரத்தம் எடுத்த பிறகு முழுங்கணும். அத நீ கவனிச்சுக்க."

"அப்ப இவரு ஓடினது?"

சிரித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். கடைக்காரிகூட மந்தாஸித் தட்டின் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். சித்தியெனெய் என்னைப் பார்த்தான், என் வயிற்றைப் பார்த்தான், ஏதோ கசப்பு மருந்தை விழுங்குகிறவன்போல முகத்தைச் சுளித்தான்.

"நடந்துச்சுய்யா" என்றான். "என்னைத் தாண்டித்தான் ஓடினான். நான் கண்ணால பாத்தேன்."